அறுநூற்று நாற்பது அட்டைகளும் ஒரு மேன்ஹோலும்

போன வாரம் சாப்பிட்டுக் கை கழுவப் போகிற நேரம் பார்த்து போன் வந்தது. நான் வேலை பார்த்த கெமிக்கல் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் திவ்யா. நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆனாலும் அங்கே ஒரு போல்ட் கழன்றால்கூட எனக்குச் சேதி வந்துவிடும்.

"அங்கிள், எனக்கு ஹிந்தி ஆப்ல எல்லா வார்த்தையும் பச்சை ஆயிடுச்சி. ஆயிரத்து எரநூறு வார்த்தை. ஆனா இன்னிக்கு கேட்ல ஒரு ஆளப் பாத்து, ஹெல்மெட் பட்டைய மாட்டுன்னு சொல்லணும். வாயே வரல. அவரு என்னப் பாக்கறாரு, நான் அவரப் பாக்கறேன். கடைசியில நானே போயி மாட்டி வுட்டுட்டேன்."

"அந்த ஆப்ல மொதல்ல என்னா வருது? ஹிந்தியா, தமிழா?"

"ஹிந்தி வரும் அங்கிள். கீழ தமிழ் அர்த்தம் நாலு குடுப்பாங்க. சரியானத தொடணும்."

"அத திருப்பிப் போடும்மா. தமிழ் வரணும், நீ ஹிந்தி சொல்லணும். தொடறதெல்லாம் கூடாது. வாயத் தொறந்து சத்தமா சொல்லணும்."

"ஐயோ, அப்பிடிப் போட்டா எல்லாம் செவப்பாயிடுமே!"

"ஆவட்டும். செவப்புதான் நெசம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கொஞ்சம் சிடுசிடுப்பாகத்தான் சொன்னேன். ஆனால் கோபம் அந்தப் பெண் மேல் இல்லை. நானும் ஒரு காலத்தில் பச்சையை நம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன். அதனால் ஒரு மனிதனின் உயிர் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பெயர் வைத்திலிங்கம். வீடு சிதம்பரம். வேலை, கடலூர் போகிற வழியில் இருக்கும் தொழிற்பேட்டையில். முப்பத்து நான்கு வருஷம் கம்பெனி பஸ்ஸிலேயே கழிந்தது. ஹெல்பராகச் சேர்ந்தேன், பிட்டர் ஆனேன், முட்டி தேய்ந்தது, ஹோல் வாட்ச் ஆனேன். மற்ற வருஷங்களைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

ஹோல் வாட்ச் என்றால் வெளியில் யாருக்கும் தெரியாது. ரசாயனம் வைக்கும் டேங்குகளை அவ்வப்போது காலி செய்து, உள்ளே ஆள் இறங்கி, அடியில் படிந்த கசடைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஆள் நுழைகிற துவாரம்தான் மேன்ஹோல். ஒரு பெரிய தவலையின் வாய் அளவு இருக்கும். உள்ளே போகிறவனுக்கு ஆயிரம் வேலை. வெளியே அந்த வாய்க்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரே வேலை, நிற்பது. என் மனைவியின் தம்பி கலியபெருமாள் அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தான். "மாப்பிள்ளைத் தோழனுக்குக்கூட ஒன்ன வுட வேலை ஜாஸ்தி மாமா" என்பான்.

அவனுக்கு என்ன தெரியும்? அந்த நிற்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் காற்று மீட்டரின் குழாயை உள்ளே விட்டு மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பத்தொன்பதரை சதவீதத்துக்குக் கீழே போனால் மீட்டர் கத்தும். பிறகு நல்ல காற்றை உள்ளே தள்ளும் புளோயரைப் போட வேண்டும். உள்ளே போகிறவன் இடுப்பில் பட்டை, அதில் கயிறு. அவனுடைய டோக்கனை வாங்கி மேன்ஹோல் பக்கத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். கொக்கியில் டோக்கன் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் டேங்க் சுவரில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். நேரத்தை எழுத வேண்டும். மாற்று ஆள் வராமல் ஒன்றுக்குக்கூடப் போகக் கூடாது. சர்க்கரை வந்த பிறகு இந்த விதிதான் எனக்குப் பெரிய சோதனையாக இருந்தது.

எல்லாவற்றையும் விடப் பெரிய விதி ஒன்று உண்டு. உள்ளே இருப்பவன் விழுந்தாலும் ஹோல் வாட்ச் உள்ளே போகக் கூடாது.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பாதுகாப்பு அதிகாரி ஞானப்பிரகாசம் சார். கடலூர் முதுநகர்க்காரர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர் என்பதால் குரல் அப்படியே வெண்ணெய். கோபம் வந்தால் அந்தக் குரல் இன்னும் இறங்கும். நாம் கிட்டே போய்க் காது கொடுத்துக் கேட்டுத் திட்டு வாங்க வேண்டியிருக்கும். எதைச் சொன்னாலும் கடைசியில் "திருப்பிச் சொல்லுங்க" என்பார். குட் மார்னிங்கை மட்டும்தான் திருப்பிச் சொல்லச் சொன்னதில்லை.

"ஒருத்தர் விழுந்தா நான் ஒருத்தரக் காப்பாத்தணும் வைத்தி. நீங்களும் உள்ள போனீங்கன்னா ரெண்டு பேரக் காப்பாத்தணும். என்கிட்ட அவ்ளோ ஆள் கெடையாது. திருப்பிச் சொல்லுங்க."

"ரெண்டு பேரக் காப்பாத்த ஆள் கெடையாது சார்."

"அது இல்ல. உள்ள போவ மாட்டேன்னு சொல்லுங்க."

"உள்ள போவ மாட்டேன் சார்."

என் கடைசி ஐந்தாறு வருஷங்களில் டேங்குக்குள் இறங்குகிற ஆட்கள் மாறினார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பையன்கள் எல்லாம் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கான்ட்ராக்டர் ஜார்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு ஹிந்தி தெரியாது. ஞானப்பிரகாசம் சார் யோசித்தார். சிதம்பரத்தில் ஹிந்தி டியூஷன் எடுக்கும் ஒரு டீச்சரிடம் சொல்லி, வேலைக்கு வேண்டிய சொற்களாக அறுநூற்று நாற்பது பொறுக்கி, பேக்கிங் பிரிவின் அட்டைப் பெட்டிகளைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி எழுதச் சொன்னார். முன்பக்கம் தமிழ் எழுத்தில் ஹிந்திச் சொல், ஓரத்தில் நம்பர். பின்பக்கம் தமிழ் அர்த்தம். ஆளுக்கு ஒரு கட்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார்.

முதல் நாள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அட்டையைப் பிரித்தேன். சுவரில் என் அப்பா படம். வாலிபத்தில் ஹிந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் முன்வரிசையில் போனவர். "மாமனார் மூஞ்சிக்கு நேரா வச்சிப் படிக்காதீங்க, பாவம், அவரு அங்கயும் நிம்மதியா இருக்க வேணாமா?" என்றாள் என் மனைவி. அதனால் படிப்பை பஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டேன்.

சிதம்பரத்திலிருந்து கம்பெனிக்கு ஒரு மணி நேரம். பக்கத்து சீட்டில் கலியபெருமாள். அவன் அட்டையின் ஹிந்திப் பக்கத்தை எனக்குக் காட்டிப் படிப்பான். அர்த்தம் எழுதிய பக்கம் கீழே பார்த்திருக்கும். நான் அர்த்தம் சொல்வேன், அவன் திருப்பிச் சரி பார்ப்பான்.

"ரஸ்ஸி."

"கயிறு."

"சாவ்தான்."

"ஜாக்கிரதை."

"பஹரா."

"செவிடு."

புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் ஐம்பது அட்டை முடிந்துவிடும். இரண்டு மாதத்தில் முழுக் கட்டும் எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஒரு நாள், "மச்சான், இன்னிக்கு மாத்திப் பாப்போம். நீ தமிழ்ல கேளு, நான் ஹிந்தியில சொல்றேன்" என்றேன். அவன் அட்டையைத் திருப்பினான். "சுத்தியல்" என்றான். நான் ஜன்னலைப் பார்த்தேன். "ஏணி" என்றான். நான் இருமினேன். அவனும் கொட்டாவி விட்டுக்கொண்டு, "இது வேலைக்காவாது மாமா. அந்தப் பக்கமே நல்லா வருதுல்ல, அதையே பண்ணு" என்றான். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நன்றாக வருவதைச் செய்யும்போது மனசுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கிறது! வராததை எதற்கு நோண்டுவது?

பரீட்சை வைத்தார் ஞானப்பிரகாசம் சார். கட்டை நன்றாகக் குலுக்கி, ஐம்பது அட்டை எடுத்து, ஒவ்வொன்றாகக் காட்டினார். ஹிந்திப் பக்கத்தைத்தான். அட்டையில் அதுதானே முன்பக்கம்! ஐம்பதுக்கு ஐம்பது. மற்ற ஹோல் வாட்ச்கள் முப்பதைத் தாண்டவில்லை. என் ஹெல்மெட்டில் 'ஹிந்தி அறிந்தவர்' என்று ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார். அன்று நான் ஹெல்மெட்டை பஸ்ஸிலும் கழற்றவில்லை.

அந்த ஸ்டிக்கரின் லட்சணம் அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. டீ நேரத்தில் ஜார்கண்ட் ஆட்கள் நான்கு பேர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் என்னைக் காட்டி, "புட்டா பஹரா ஹை" என்றான்.

புட்டா, கிழவன். அட்டை நூற்றுப் பதினேழு. பஹரா, செவிடு. அட்டை நூற்று நாற்பது. அடப்பாவிகளா! எனக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிகிறது. அவர்கள் ஏதோ கேட்டு நான் பதில் சொல்லாமல் போயிருக்கிறேன், அதனால் எனக்குக் காது கேட்காது என்று முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு வருகிற கோபத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மூடிக்கொண்டு டீயைக் குடித்தேன். திட்டு புரியாமல் இருந்தால் ஒரு நிம்மதி, பதில் சொல்ல முடிந்தால் ஒரு நிம்மதி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் படுகிற பாடு இருக்கிறதே, விரோதிக்குக்கூட வரக் கூடாது.

மூன்று நாள் பஸ்ஸில் உட்கார்ந்து பதில் தயார் செய்தேன். 'மே பஹரா நஹீ ஹூ', நான் செவிடு இல்லை. கலியபெருமாள் ஐம்பது தடவை சொல்ல வைத்தான். நான்காம் நாள் டீ நேரத்தில் நேராக அவர்கள் முன்னால் போய் நின்றேன். இடுப்பில் கை வைத்தேன். தொண்டையைச் செருமினேன். "மே பஹரா ஹூ!" என்று முழங்கினேன்.

நடுவில் இருந்த 'நஹீ' எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. நான் செவிடன் என்று நானே நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருக்கிறேன். அந்த நான்கு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான், இன்னொருவன் தன் பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்தான். அன்றிலிருந்து என்னிடம் சைகையில்தான் பேசினார்கள். டேங்குக்குள்ளிருந்து தட்டும்போதும், பாவம் பெரியவருக்குக் கேட்காதே என்று சம்மட்டி போடுவதுபோல் தட்டினார்கள்.

பிஸ்கட் கொடுத்தவன் பெயர் மங்கள். முப்பது வயது இருக்கும். எலும்பும் தோலுமான உடம்பு. எந்த மேன்ஹோலிலும் நுழைந்துவிடுவான். பெல்ட்டை மட்டும் சரியாகப் போட மாட்டான். "ஏன்டா சோம்பேறி, ஒனக்கு பெல்ட்டு போட்டு வுட ஒங்க ஊர்லேருந்து ஆள் வரணுமா? மூஞ்சியப் பாரு, திருட்டு முழி!" என்று தினமும் தமிழில் அர்ச்சனை செய்துகொண்டே நான்தான் கொக்கி மாட்டிவிடுவேன். அவன் சிரித்துக்கொண்டு நிற்பான். அந்த மங்கள்தான் அன்றைக்கு உள்ளே இருந்தான்.

சின்ன டேங்க். ஓர் ஆள்தான் உள்ளே வேலை செய்ய முடியும். நடுவில் கலக்குகிற தண்டு மேலிருந்து கீழ்வரை இறங்கியிருக்கும். மங்கள் அந்தத் தண்டுக்குப் பின்னால் போய்ச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவனுடைய ஜோடி ஆள் தண்ணீர் பிடித்துவரப் போயிருந்தான். பக்கத்தில் ஜெனரேட்டர் காதைக் கிழித்துக்கொண்டு ஓடியது. பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு, "மங்கள்!" என்று கூப்பிட்டேன்.

இரண்டு தட்டு வர வேண்டும். நான்கு வந்தது. பிறகு ஏழெட்டு வந்தது. பிறகு அது ஒரு தாளமாகவே மாறிவிட்டது. கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி தட்டுகிறான்.

சட்டென்று மீட்டரைப் பார்த்தேன். பதினெட்டு புள்ளி இரண்டு. குழாய் முனை இருந்த வாய்ப்பக்கமே அப்படி என்றால், தண்டுக்குப் பின்னால் இன்னும் குறைவு. அது கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது, ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. புளோயர் குழாயில் கை வைத்தேன். காற்று இல்லை. மேன்ஹோல் வாயில் குனிந்து மறுபடியும் கூப்பிட்டேன். உள்ளே ஒரு சிரிப்பு. "சர் கூம் ரஹா ஹை, பாபு" என்று குழறினான்.

சர், தலை. கூம்னா, சுற்றுவது. அட்டை இருநூற்றுப் பன்னிரண்டு. தலை சுற்றுகிறது என்கிறான். பிராணவாயு குறைந்தால் மனிதனுக்குக் கள் குடித்த மாதிரி ஆகும், பயமே வராது, சிரிப்புதான் வரும் என்று சார் சொல்லியிருக்கிறார். அட்டைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவை இல்லையென்றால் அவன் ஏதோ விளையாடுகிறான் என்று விட்டிருப்பேன்.

வாக்கி டாக்கியில் சொன்னேன். மூச்சுக் கருவியோடு வருகிற மீட்புக் குழு அடுத்த கோடியில் இருக்கிறது, ஏழு நிமிஷம் ஆகும் என்றார்கள். மீட்டர் பதினேழு புள்ளி எட்டு. கயிற்றை இழுத்தேன். அது தண்டைச் சுற்றிக்கொண்டு வர மறுத்தது. அவனாக எழுந்து தண்டைச் சுற்றி வந்தால்தான் உண்டு. விசிலை எடுத்து மூன்று முறை நீட்டி ஊதினேன். வெளியே வா என்பதற்கு அதுதான் சைகை. உள்ளேயிருந்து அவனும் பதிலுக்கு விசிலடித்தான், ராகத்தோடு.

இனி என் வாய் ஒன்றுதான் பாக்கி. 'வெளியே வா' என்று ஹிந்தியில் சொன்னால் போதும். எனக்குத் தெரியாதா? ஐம்பதுக்கு ஐம்பது வாங்கினவன்! அந்த அட்டை கண் முன்னால் நிற்கிறது. ஓரத்தில் காபிக் கறை. கலியபெருமாளின் கட்டை விரல் அதன் மேல் இருக்கிறது. எல்லாம் தெரிகிறது, சொல் மட்டும் வரவில்லை. யாராவது அந்தச் சொல்லை என் காதில் சொல்லியிருந்தால் தூக்கத்தில்கூட அர்த்தம் சொல்லியிருப்பேன். சொல்லத்தான் அங்கே ஒரு நாதியில்லை.

"டேய் மங்கள், வாடா! வெளிய வந்துடுடா சாமி!" என்று தமிழில் கத்தினேன். ஜெனரேட்டர் அதைத் தின்றுவிட்டது. முட்டி மோதி ஒரு ஹிந்திச் சொல் வாய்க்கு வந்தது. "ருக்கோ!" என்று முழுத் தொண்டையில் கத்தினேன். கத்தின பிறகுதான் உறைத்தது. ருக்கோ என்றால், அங்கேயே நில். மங்கள் மரியாதைக்காரன். "அச்சா" என்று சொல்லிவிட்டு வாகாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

வலது கால் தானாக மேன்ஹோல் விளிம்பில் ஏறிவிட்டது. உள்ளே போவ மாட்டேன் சார், உள்ளே போவ மாட்டேன் சார் என்று வாய் முணுமுணுக்கிறது, கால் கேட்கவில்லை. இன்னும் ஒரு நொடி இருந்தால் போயிருப்பேன், இரண்டு பேரும் இன்றைக்கு இருந்திருக்க மாட்டோம். அப்போதுதான், எனக்குள் யார் புகுந்து கத்தினார்களோ தெரியாது, என் தொண்டையிலிருந்து அது வந்தது.

"கானா ஆகயா! மங்கள்! கானா ஆகயா!"

சாப்பாடு வந்துவிட்டது என்று அர்த்தம். அது எந்த அட்டையிலும் இல்லை. மத்தியானம் கேன்டீன் வண்டி வந்தால் வெளியே நிற்கிறவன் கண்ணில்தான் முதலில் படும். இரண்டு வருஷமாகத் தினமும் மேன்ஹோலில் வாயை வைத்து நான்தான் அதைச் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டேன். யாரிடமிருந்து கற்றேன் என்றுகூட ஞாபகம் இல்லை. அறுநூற்று நாற்பதும் கைவிட்ட இடத்தில் அது ஒன்றுதான் ஓடி வந்தது.

உள்ளே தாளம் நின்றது. பிறகு கயிறு அசைந்தது. தண்டைச் சுற்றி, சுவரைத் தடவிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி வந்தான். மேன்ஹோலில் முதலில் ஒரு கை தெரிந்தது. அந்தக் கையைப் பிடித்தேன், பெல்ட்டைப் பிடித்தேன், மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிற மாதிரி இழுத்து வெளியே போட்டேன். நல்ல காற்றை இரண்டு இழுப்பு இழுத்தான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "கஹா ஹை?" என்றான். எங்கே என்கிறான். சாப்பாட்டைத் தேடுகிறான். நான் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். மீட்புக் குழு அப்போதுதான் ஓடி வந்தது.

ஏதோ ஒரு பழைய வால்வு வழியாக நைட்ரஜன் கசிந்திருக்கிறது. புளோயர் ஓடியவரை தெரியவில்லை. புளோயரின் பிளக்கைப் பெயின்ட் அடிக்க வந்த ஒருவன் பிடுங்கிவிட்டு, அங்கே தன் செல்போனைச் சார்ஜ் போட்டிருக்கிறான். அவனைத் தேடிப் பிடித்து நான் சொன்ன வார்த்தைகளுக்கு அட்டை தேவைப்படவில்லை. அவன் நம்மூர்ப் பக்கம், கம்மாபுரத்துக்காரன்.

மங்களை முதலுதவி அறையில் படுக்க வைத்து மாஸ்க் போட்டார்கள். அரை மணி நேரத்தில் டாக்டர் வந்து பார்த்து, பயமில்லை என்றார். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஞானப்பிரகாசம் சார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து விசாரணைப் படிவத்தைப் பிரித்தார். குரல் தரைக்கு இறங்கியிருந்தது.

"என்னா உத்தரவு குடுத்தீங்க வைத்தி?"

"வெளிய வரச் சொன்னேன் சார்."

"எந்த வார்த்தையில?"

"கானா ஆகயா சார்."

பேனா நின்றது. "திருப்பிச் சொல்லுங்க."

"கானா ஆகயா. சாப்பாடு வந்துடுச்சின்னு அர்த்தம் சார்."

என் பையிலிருந்த அட்டைக் கட்டை எடுத்தார். பத்து அட்டை உருவினார். இந்த முறை தமிழ்ப் பக்கத்தைக் காட்டினார். 'வெளியே', தெரியவில்லை. 'ஏறு', தெரியவில்லை. 'பிடித்துக்கொள்', தெரியவில்லை. பத்தில் இரண்டு சொன்னேன். அதே பத்தையும் திருப்பி ஹிந்திப் பக்கத்தைக் காட்டினார். பத்தும் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தப்பு எம்மேலதான். நான் ஒரு பக்கந்தான் கேட்டேன்" என்றார். எனக்கு வேலையே போயிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஐம்பதுக்கு ஐம்பது என்று பஸ்ஸில் வழி முழுக்க ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தவன் நான்தானே! அவர் எதற்குத் தலை குனிய வேண்டும்?

பிறகு கேட்டார். "சாப்பாடு வந்துடுச்சின்னு சொன்னீங்க இல்ல? வந்துச்சா?"

"இல்ல சார். மணி பதினொண்ணுகூட ஆவலியே."

"அப்ப போன் பண்ணுங்க கேன்டீனுக்கு."

"சார்?"

"உள்ள இருக்கறவனுக்கு வெளிய நிக்கறவன் வார்த்தை ஒண்ணுதான் வைத்தி இருக்கு. இன்னிக்கு அது பொய்யாப் போச்சின்னா, நாளைக்கு நீங்க நெசமாவே கூப்ட்டாலும் ஒரு ஆளும் வர மாட்டான். நீங்க வந்துடுச்சின்னுட்டீங்க. அது வந்தே ஆவணும்."

போனை அவரே பிடுங்கிப் பேசினார். உலை இப்போதுதான் வைத்திருக்கிறோம் என்றார்கள் கேன்டீனில். இருக்கிறதைக் கொடுங்கள் என்றார். காலையில் மிச்சமான ஏழு இட்லி, ஆறின சாம்பார், அரைவேக்காட்டு முட்டைக்கோஸ் பொரியல். அதைக் கேன்டீன் ஆள் கொண்டுவரட்டும் என்றுகூட விடாமல், சாரே வெயிலில் நடந்து போய்த் தட்டில் வாங்கிக்கொண்டு வந்தார். மங்கள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சாப்பிட ஆரம்பித்தான். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாவது இட்லியில் நிமிர்ந்தான். "அண்ணா, நீங்கோ சாப்ட்டீங்களா?" என்றான்.

தமிழ்! அவன் வாயிலிருந்து அதுவரை ஒரு தமிழ்ச் சொல் வந்து நான் கேட்டதில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோம்பேறி, திருட்டு முழி என்று தினமும் அவன் மூஞ்சிக்கு நேரே நான் செய்த அர்ச்சனை எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

"டேய், ஒனக்குத் தமிழ் தெரியுமா?" என்றேன்.

"எல்லாம் புரியுது அண்ணா. ரெண்டு வருஷமா புரியுது" என்றான் மங்கள், சாம்பாரை வழித்துக்கொண்டே. "வாய்லதான் வரல."